யூ மரத்து நெடுவில்

இங்கிலாந்தின் நெடுவில் யூ மரத்தின் ஒற்றைக் கட்டையில் உருவாகிறது. பட்டைக்கு அடியிலுள்ள வெள்ளைப்பகுதி இழுவிசையைத் தாங்கும். உள்ளிருக்கும் செம்பழுப்பு வைரம் அமுக்கத்தைத் தாங்கும். ஆகவே வெள்ளை வெளிப்புறமும் வைரம் வில்லாளியின் பக்கமும் வரும்படி கட்டையைச் செதுக்குவார்கள். மரமே ஒட்டிக்கொடுத்த இரட்டைப் பலகை என்று சொல்லலாம்.

கட்டை மெல்ல உலர வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். செதுக்கிய பிறகுதான் உண்மையான சோதனை. நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்து, வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும் சுரண்ட வேண்டும். ஏற்கெனவே இளகிய இடத்தில் மேலும் சுரண்டினால் வில் அங்கேயே முறியும். முனைகளுக்குக் கொம்புக் குப்பி.

1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலின் உடற்பகுதி 1982இல் மேலே தூக்கப்பட்டது. அதன் சிதைவுகளில் இத்தகைய வில்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. எல்லாம் ஆறடிக்கும் அதிக நீளம்.