உவர்நீரும் நுளம்பும்: மருத்துவ ஆராய்ச்சியிற் சான்று காணும் நெறி

இலங்கையில் மலேரியாக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்புகளுள் தலையாயது அனோபிலிஸ் கூலிசிபேசிஸ். ஆறு வற்றுங்காலத்து மணற்குட்டைகளிற் பெருகும் இந்நுளம்பே, 1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மடியக் காரணமாயிற்று. இது நன்னீரிலேயே முட்டையிடும் என்பது நெடுங்காலம் நிலைபெற்ற கொள்கை. ஆதலின் இதனைக் குடம்பிப் பருவத்திலேயே அழிக்கப் புகுந்தோர் நன்னீர் நிலைகளையே நாடியதில் வியப்பில்லை.

2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இக்கொள்கையை அசைத்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கிய பகுதியில், மட்டக்களப்பு நகர்க்கு அண்மையிலுள்ள உவர்நீர் நிலையொன்றே அதன் களம். ஆய்வாளர் இருவாரங்கட்கு ஒருமுறை, ஆறு திங்கள் குடம்பிகளை முகந்தெடுத்தனர். ஒருநாட் சேகரிப்போடு அமைந்திருப்பின், மழைநீர் கலந்து உவர் தணிந்த வேளையில் அவை தோன்றின என்று எவரும் எளிதில் மறுத்திருக்கலாம். கோடையும் மாரியும் அடங்க நீண்ட காலம் நோக்கியதால் அவ்வையத்தின் வலி குன்றிற்று. ஒவ்வொரு முறையும் நீரின் உப்பளவும் குறிக்கப்பட்டது. கிடைத்த குடம்பிகள் 935. அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தபோது வெளிவந்த நுளம்புகளுள் 661 கூலிசிபேசிஸ் இனத்தைச் சேர்ந்தவை. ஆண் குடம்பிகளின் நிறமூர்த்தங்களை நோக்கி, நோய்பரப்பும் ‘ஈ’ வகையே அவை என்றும் துணிந்தனர். அந்நீரின் உப்பு ஆயிரத்தில் 4 பங்குவரை இருந்தது. கடல்நீரில் அது ஏறத்தாழ 35 பங்கு. வாவிக்கரையிற் கிணறு வெட்டியோர்க்கு இத்தகைய உவர்ப்புப் புதிதன்று.

இவ்வாய்வு நிறுவியது யாது? ‘உவர்நீரில் வளராது’ என்னும் பொதுக்கூற்றை மறுக்க ஓரிடமே போதும். ஆயினும், அத்தகைய நீர்நிலைகள் எத்துணை உள, அவற்றால் எத்துணைப்பேர் நோயுறுவர் என்பனவற்றிற்கு ஓரிடத்து நோக்கு விடையாகாது. அது குடம்பிகளை எண்ணியது, நோயாளரை எண்ணவில்லை.

குடம்பிகளை ஒடுக்கினால் நோய் குறையுமா என்பது வேறு வினா. பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டி நிறுக்கும் முறையே அதற்கு ஏற்றது. ஆச்சி கொக்கிரேன் என்னும் மருத்துவர் 1972இல் எழுதிய நூல் இத்தகைய தொகுப்பாய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. அவர் பெயரால் 1993இல் எழுந்த அமைப்பு, 2013இல் இவ்வினாவை ஆராய்ந்து 13 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றுள் இலங்கையில் நிகழ்ந்த இரு சோதனைகள் குறிப்பிடத்தக்கன. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள், ஓடைகள், வாய்க்கால்கள், வயல்கள் ஆகியவற்றில் மருந்திட்டபோது நோய் ஏறத்தாழ முக்காற்பங்கு குறைந்தது. காம்பியா நாட்டின் அகன்ற சதுப்புநிலங்களிலோ அம்முறை குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி காண்பது பேதைமையாம். குடம்பி வளரும் நீர்நிலைகளுட் போதிய அளவினவற்றைக் கண்டு அணுகக்கூடிய இடத்திலேயே இம்முறை பயன்தரும் என்பது தொகுப்பினின்று பெறப்படும் தெளிவு.

மட்டக்களப்பு ஆய்வின் பயன் ஈண்டே விளங்கும். உவர்நீர் நிலைகளைப் பட்டியலிற் சேர்க்காதொழியின், எல்லாவற்றையும் கண்டோம் என்னும் எண்ணமே பிழையாகிவிடும். 1963இல் இலங்கை முழுவதும் 17 நோயாளரே இருந்தனர். 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மலேரியா அற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. நோய் நீங்கினும் நுளம்பு நீங்கவில்லை. பிறநாட்டினின்று நோயோடு வருவோரும் உளர். மாரியில் தணிந்தும் கோடையில் ஏறியும் உவர் மாறிவரும் வாவிக்கரைக் குட்டைகளிலும், ஆண்டு முழுதும் முகவையிட்டு நோக்குதல் வேண்டும்.