வேட்டைக்காரர்களைத் தேடும் வேட்டை ஆணையம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டையாடுவதற்கு, சில விதிவிலக்குகளைத் தவிர, நூறாண்டுக்கும் மேலாகத் தடை இருந்தது. ஞாயிறு ஓய்வுநாள் என்ற பழைய கிறிஸ்தவ வழக்கத்திலிருந்து வந்த அந்தத் தடையை 2025 ஜூலையில் மாநில அரசு நீக்கியது. வாரம் முழுக்க வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்குக் காட்டுக்குப் போக சனிக்கிழமை ஒன்றுதான் மிஞ்சுகிறது என்பது, தடையை நீக்கக் கோரியவர்களின் முக்கிய வாதம்.

இந்த மாநிலத்தில் 1980களின் தொடக்கத்தில் சுமார் 13 லட்சம் பேர் வேட்டை உரிமம் வாங்கினார்கள். இப்போது அது 9 லட்சத்துக்கும் கீழே இருக்கிறது. பழைய தலைமுறைக்கு வயதாகிவிட்டது; பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இவற்றை எந்த ஆணையமும் மாற்ற முடியாது. ஆனால் எத்தனை மான்களைச் சுடலாம், எந்த மானைச் சுடலாம், எந்த நாளில், எந்த வயதில் என்பதையெல்லாம் விதிகள்தான் தீர்மானிக்கின்றன. புதிதாக வருபவரும் விட்டுப்போகிறவரும் அந்த விதிகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

அரசுக்கு வேட்டைக்காரர் ஏன் தேவை?

முதல் காரணம் காடு. ஓநாயும் மலைச்சிங்கமும் அழிந்துபோன நிலத்தில், வெள்வால் மான்களின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாலும் வேட்டைதான். வடமேற்குப் பென்சில்வேனியாவில் மத்திய வனத்துறை ஆய்வாளர்கள் வேலியடைத்த நிலங்களில் வெவ்வேறு எண்ணிக்கையில் மான்களை விட்டுப் பத்தாண்டுகள் கவனித்தார்கள். மான் கூடக்கூட மரக்கன்றுகளின் வகைகள் குறைந்தன. மான் தின்னாத பெரணிகள் தரையை மூடின.

இரண்டாவது காரணம் பணம். 1937ஆம் ஆண்டின் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 சதவீத வரி உண்டு. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. மாநிலத்தின் பரப்பளவோடு, அங்கே உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுத்துத்தான் பங்கு பிரிக்கிறார்கள். ஆகவே ஒருவர் உரிமம் வாங்காமல் விட்டால், உரிமக் கட்டணத்தோடு மத்திய நிதிப் பங்கிலும் அடி விழும். 2019 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம், இந்த நிதியைப் புதிய வேட்டைக்காரர்களைச் சேர்க்கவும் செலவிடலாம் என்று சட்டத்தைத் திருத்தியது.

எத்தனை மான், எந்த மான்

பென்சில்வேனியாவில் 1907இல் ஆண் மானை மட்டுமே சுடலாம் என்ற விதி வந்தது. மான் ஏறக்குறைய அற்றுப்போயிருந்த காலம் அது. பெண் மானைச் சுடுவது தவறு என்ற எண்ணம், மான் பெருகிய பிறகும் தலைமுறைகளாக நீடித்தது. 1999இல் மாநில வேட்டை ஆணையத்தின் மான் நிர்வாகப் பொறுப்பேற்ற உயிரியலாளர் கேரி ஆல்ட் இதைத் தலைகீழாக்கினார். பெண் மான்களைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டுகள் பெருகின. கொம்பின் ஒரு பக்கத்தில் குறைந்தது மூன்று கிளைகளாவது இருந்தால்தான் ஆண் மானைச் சுடலாம் என்ற விதி 2002இல் வந்தது. மேற்குப் பகுதியில் அப்போது நான்கு கிளைகள் வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் வேட்டைப் பருவத்தில் சுடப்பட்ட மான்களின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது.

ஆண் மான்கள் முன்பைவிட அதிக வயது வரை பிழைத்தன. பெரிய கொம்பை விரும்புகிறவர்களுக்கு இது கொண்டாட்டம். ஆனால் வடக்கு மலை மாவட்டங்களில் முழு நாளும் உட்கார்ந்து ஒரு மானையும் காணாமல் திரும்பியவர்கள் கொதித்துப்போனார்கள். ஆணையத்தின் மீது வழக்கும் தொடுத்தார்கள். காட்டுக்கு நல்லது என்று ஆணையம் சொன்ன அதே எண்ணிக்கைதான் அவர்களுக்கு 'மானே இல்லை' என்று பட்டது. அனுபவசாலி இதைப் பொறுத்துக்கொள்வார். முதல் வருடம் வந்த பையன் இரண்டு நாள் குளிரில் வெறுங்கையோடு இருந்தால் அடுத்த வருடம் வருவானா என்பதுதான் சிக்கல். கொம்பு விதியில் சிறுவர்களுக்கு மட்டும் ஆணையம் சலுகை தந்தது; அதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

எந்த நாள்

1963 முதல் துப்பாக்கி மான் வேட்டை, நன்றியறிதல் நாளுக்கு (Thanksgiving) அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. பல பள்ளிகள் அன்று விடுமுறை விட்டன. குடும்பங்கள் வார இறுதியிலேயே வடக்கே காட்டுக் குடில்களுக்குப் போய்ச் சேரும். வழியில் கடைகளுக்கும் தேவாலய விருந்துகளுக்கும் நல்ல வருமானம். 2019இல் தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாறியது. திங்களன்று விடுப்பு கிடைக்காதவர்களுக்கும் வெளியூரில் படிக்கும் மாணவர்களுக்கும் கதவு திறந்தது. குடில்காரர்களோ தங்கள் வார இறுதி பறிபோனது என்றார்கள். இங்கே மான்களின் எண்ணிக்கை விவாதப் பொருளே இல்லை. பழையவரைத் தக்கவைப்பதா, புதியவரை அழைப்பதா என்பதுதான் கேள்வி.

எந்த வயது

முன்பு 12 வயதாகி, பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் உரிமம். அந்த வயதுக்குள் பிள்ளைகளின் வார இறுதிகளைக் கால்பந்து முதல் கணினி விளையாட்டு வரை எல்லாம் பிடித்துவிடுகின்றன என்ற கவலையில், 2006இல் வழிகாட்டி முறை வந்தது. 12 வயதுக்குட்பட்டவர் உரிமம் பெற்ற பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து வேட்டையாடலாம். பிறகு பெரியவர்களுக்கும் இப்படி ஒரு வழி திறந்தது. வேட்டைப் பழக்கமில்லாத குடும்பத்தில் பிறந்தவருக்கு வழிகாட்டி எங்கிருந்து கிடைப்பார் என்ற கேள்வியை எந்த விதியாலும் தீர்க்க முடியவில்லை.

விஸ்கான்சின் தரும் எச்சரிக்கை

2002 பிப்ரவரியில் விஸ்கான்சினில் மான்களின் மூளையைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பகுதியில் மான்களை அடியோடு ஒழிக்க மாநிலம் முடிவெடுத்தது. அந்த ஆண்டு துப்பாக்கி உரிம விற்பனை சுமார் 10 சதவீதம் சரிந்தது. இறைச்சியைத் தின்னலாமா என்ற பயம் ஒரு பக்கம். சுட்டுக் குவிப்பதில் மனம் ஒப்பாதது மறுபக்கம். முதலில் பெண் மானையோ குட்டியையோ சுட்டால்தான் ஆண் மானுக்கு அனுமதி என்று அங்கே ஏற்கெனவே இருந்த விதி, மான்களைக் குறைப்பதில் நன்றாகவே வேலை செய்தது. வேட்டைக்காரர்களின் வெறுப்பால் 2011இல் சட்டமன்றமே அதை நீக்கியது.

அறிவியல் சரியாக இருந்தாலும், அதைச் செயல்படுத்துகிறவர்கள் சொந்தக் காசில் விருப்பப்பட்டு வருகிறவர்கள். அவர்கள் வராவிட்டால் மிஞ்சும் வழிகள் இரண்டு: கூலிக்குச் சுடுபவர்களை அமர்த்துவது, அல்லது கன்றுகளுக்கும் பயிர்களுக்கும் வேலி போடுவது. இரண்டும் சிறிய இடங்களுக்கே கட்டுப்படியாகும். ஆகவே மான்களைக் குறைக்கும் எந்தத் திட்டமும், அதை நிறைவேற்றப்போகிறவர் பத்தாண்டு கழித்தும் உரிமம் வாங்குவாரா என்பதைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.