அசைவு இல்லை என்றால் உணர்வும் இல்லையா?

நத்தத்திலிருந்து மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போகும் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர், புளியமரத்திலோ மாமரத்திலோ ஏறித் தவறி விழுந்தவர் என்று தலைக்காயத்தோடு ஐ.சி.யு.வுக்குப் போய்ச் சேர்பவர்கள் உண்டு. சிலருக்கு உயிர் தப்பிவிடும், கண்ணும் திறந்துவிடும். ஆனால் கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள். கையை அழுத்தச் சொன்னால் அழுத்தமாட்டார்கள். “நாங்க பேசுறது அவருக்குக் கேக்குதா டாக்டர்?” என்று வீட்டார் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு மூளை ஸ்கேன் மூலம் பதில் தேடும் முயற்சி 20 ஆண்டுகளாக நடக்கிறது. அதில் எவ்வளவு தெளிவு கிடைத்திருக்கிறது என்பது நோயாளியின் குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு நிலைகளும் வேறு வேறு

கோமாவில் இருப்பவர் கண் திறக்கமாட்டார். இது பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதன்பின் சிலருக்குக் கண் திறக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். ஆனால் சுற்றி நடப்பதை அறிகிறார் என்பதற்கான அடையாளம் தெரியாது. இதைத்தான் டாக்டர்கள் ‘வெஜிடேட்டிவ் ஸ்டேட்’ என்கிறார்கள். எப்போதாவது முகம் பார்த்துக் கண் நகர்கிறது, சொன்னதற்கு விரல் அசைகிறது என்றால் அது குறைந்த அளவு சுயநினைவு உள்ள நிலை. மூளைச்சாவு இவை எதிலும் சேராது. அதில் தானாக மூச்சு வராது, மீட்சியும் கிடையாது. உறுப்பு தானம் பற்றி டாக்டர்கள் பேசுவது அந்த நிலையில்தான்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துச் சொல்வது கடினம். பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. வெஜிடேட்டிவ் நிலை என்று மருத்துவக் குழுவினர் முடிவுசெய்திருந்த 44 பேரை முறையான அளவுகோல் கொண்டு மறுபடி சோதித்தபோது, 18 பேருக்குச் சுயநினைவின் அடையாளம் தென்பட்டது.

ஸ்கேன் என்ன காட்டுகிறது?

வழக்கமான சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் மூளையில் எங்கே ரத்தம் கட்டியிருக்கிறது, எங்கே சேதம் என்று காட்டும். சுயநினைவு இருக்கிறதா என்று காட்டாது. அதற்குச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. வேண்டும். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த மாற்றத்தை இந்த ஸ்கேன் பதிவு செய்கிறது.

2006இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சாலை விபத்துக்குப் பின் 5 மாதமாக எந்தப் பதிலும் தராதிருந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் படுக்கவைத்து, “டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். உடல் இயக்கத்தைத் திட்டமிடும் பகுதி இயங்கியது. “உங்கள் வீட்டு அறைகளில் நடந்துபோவதாக நினையுங்கள்” என்றதும் இடங்களை அறியும் பகுதிகள் இயங்கின. நலமாக உள்ளவர்களின் மூளையிலும் இதே பகுதிகள்தான் இயங்கின. சொன்னதைப் புரிந்து, நினைவில் வைத்து, அதன்படி எண்ணினால்தான் இது நடக்கும். 2010இல் இதே முறையில் 54 பேரைச் சோதித்தபோது 5 பேரின் மூளை கட்டளைக்குப் பதில் தந்தது. அவர்களில் ஒருவர், ‘ஆம்’ என்பதற்கு ஒரு கற்பனை, ‘இல்லை’ என்பதற்கு மற்றொன்று என்று வைத்துக் கேள்விகளுக்கு விடை சொன்னார்.

2024இல் வெளியான பெரிய ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் இணங்காத 241 பேரை ஸ்கேன் மூலமோ, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. மூலமோ சோதித்தார்கள். அவர்களில் 60 பேர், அதாவது நான்கில் ஒருவர், மனத்தளவில் கட்டளைக்கு இணங்கியிருந்தார்கள்.

பதில் வரவில்லை என்றால்?

இதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. படுக்கையில் கட்டளைக்கு இணங்கிய 112 பேரிலும், இந்தச் சோதனையில் 43 பேரே தேறினார்கள். நோயாளி தூங்கிப்போயிருக்கலாம், மயக்க மருந்தின் தாக்கம் இருக்கலாம், காது கேளாமலோ பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி சேதமடைந்தோ இருக்கலாம். ஆகவே பதில் வந்தால் உணர்வு உண்டு என்று நம்பலாம். வராததை வைத்து உணர்வு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பதில் வந்தாலும் அவர் எழுந்து நடப்பார் என்ற உறுதி அதில் இல்லை.

நம் நாட்டு அனுபவம்

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கழுத்து நெரிக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 2015 மே 18இல் இறக்கும்வரை அதே மருத்துவமனையின் நர்ஸுகள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த 3 மருத்துவர்கள் குழு, வெஜிடேட்டிவ் நிலைக்கான பெரும்பாலான அடையாளங்கள் அவருக்குப் பொருந்துவதாகச் சொன்னது. பிடித்த உணவு தந்தால் முகம் மலர்கிறது, பிடிக்காவிட்டால் ஒலி எழுப்புகிறார் என்றார்கள் பராமரித்தவர்கள். 2011 மார்ச் 7இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அவருக்கு உணவு தருவதை நிறுத்தக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தது. கூடவே இருந்து பார்த்தவர்களின் சொல்லுக்கு அந்தத் தீர்ப்பில் மதிப்பு இருந்தது.

வீட்டார் செய்யக்கூடியது

மேலே சொன்ன ஸ்கேன் சோதனை பெரும்பாலும் ஆய்வு மையங்களில்தான் நடக்கிறது. நம் பக்கத்து மருத்துவமனைகளில் வழக்கமான சோதனையாக இல்லை. ஆனால் காசில்லாத சோதனைகள் உண்டு. முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து மெல்ல நகர்த்தி, கண் தொடர்கிறதா என்று பாருங்கள். அவர் தெளிவாக விழித்திருக்கும் நேரத்தில், ஒரே கட்டளையை இடைவெளி விட்டுப் பலமுறை சொல்லுங்கள். பதில்போல ஏதாவது தெரிந்தால் செல்போனில் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் தரும் மருந்து ஏதும் போகிறதா, வலிக்கு மருந்து தருகிறார்களா என்று கேளுங்கள். ஒரே நாள் பார்த்து முடிவு செய்யாமல் திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்லுங்கள். காயத்துக்குப் பின் பல மாதம் கழித்துத் தெளிந்தவர்களும் உண்டு.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டே அவரைத் தொடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, நிலத் தகராறு, “இனி இவர் பிழைத்து என்ன” என்ற பேச்சையெல்லாம் அவர் தலைமாட்டில் வைத்துப் பேசாதீர்கள். நான்கில் ஒருவருக்குக் கேட்டுப் புரியக்கூடும் என்றால், எல்லோருக்கும் கேட்கும் என்று எண்ணி நடந்துகொள்வதே முறை.