'கான்ஜா அண்ட் ஹெஸ்': சிதைந்த திரைப்படமொன்றின் மூலபாட மீட்பு

ஏட்டுச் சுவடிகள் பலவற்றைத் திரட்டி, அவற்றை ஒப்புநோக்கி, ஆசிரியர் பாடம் இதுவெனத் துணிதல் தமிழ்ப் பதிப்புலகம் நன்கறிந்த நெறியாகும். திரைப்படத் துறையிலும் இதனோடு ஒத்ததொரு பணி நடைபெற்று வருகின்றது. குறைந்தும் சிதைந்தும் கிடைக்கும் படச்சுருள்களை ஆய்ந்து, படத்தை அதன் முதல் நிலைக்கு இயன்ற அளவு கொணர்ந்து, இல்லத்தில் இருந்து காண்பதற்குரிய தகடாக வெளியிடுதலே அப்பணி. பெரும்புகழ் பெற்ற படங்களுக்கு இது நிகழ்தல் வியப்பன்று. மலிந்த வணிக நோக்கில் தோன்றி, சிலரே அறிந்து போற்றிய படமொன்றுக்கு நிகழுமாயின், அது எவ்வாறு, எதன் பொருட்டு என்னும் வினாக்கள் எழுகின்றன. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'கான்ஜா அண்ட் ஹெஸ்' என்னும் படத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

1. படம் பிறந்த சூழல்

கொலை, குருதி, காமம், அச்சம் என்பவற்றுள் ஒன்றை முன்னிறுத்தி, சிறு செலவில் எடுத்து, விரைந்து ஊதியம் பெறக் கருதிய படங்களை அமெரிக்கர் 'எக்ஸ்பிளாய்டேஷன்' படங்கள் என்பர். அவற்றுள் கறுப்பின மக்களைக் காண்போராகக் கருதி எடுக்கப்பட்டவை 1970களின் தொடக்கத்தில் பெருகின. 1972இல் வெளிவந்த 'பிளாக்குலா' என்னும் படம், குருதியுண்ணும் பேயாகக் கறுப்பினத்தார் ஒருவரைக் காட்டி நல்ல வருவாய் ஈட்டியது. அவ்வெற்றியைக் கண்ட கெல்லி-ஜோர்டன் என்னும் நிறுவனத்தார், அத்தகைய படமொன்றை ஏறத்தாழ 3,50,000 டாலர் செலவில் ஆக்கித் தருமாறு பில் கன் என்பாரை அமர்த்தினர்.

பில் கன் (1934-1989) நாடக ஆசிரியர், புதினம் எழுதியவர், நடிகர். 1970இல் வெளிவந்த 'தி லேண்ட்லார்ட்' என்னும் படத்திற்குத் திரைக்கதை வரைந்தவரும் அவரே. அதே காலத்தில் அவர் இயக்கிய 'ஸ்டாப்' என்னும் படத்தை, அதனை எடுத்த நிறுவனம் திரையரங்குகளுக்கு அனுப்பாமலே விட்டது. தம்மிடம் வேண்டப்பட்ட பேய்க்கதையை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயின் அதனைத் தம் கருத்துக்குரிய கலமாக மாற்றிக்கொண்டார்.

கதை சுருங்கக் கூறத்தக்கது. செல்வமும் கல்வியும் உடைய ஹெஸ் கிரீன் என்னும் அறிஞனை, அவனுடைய உதவியாளன் பண்டைக் கத்தியொன்றால் குத்துகின்றான். பின்னர்த் தன்னுயிரையும் மாய்த்துக்கொள்கின்றான். குத்துண்டவன் சாவாநிலை எய்தி, குருதி வேட்கைக்கு ஆளாகின்றான். உதவியாளனைத் தேடிவந்த மனைவி கான்ஜா, ஹெஸ்ஸை மணந்து அவ்வேட்கையில் பங்கு கொள்கின்றாள். குருதி வேட்கை இங்கு அச்சமூட்டும் சூழ்ச்சியாக நில்லாது, விடுபடவியலாத போதைப் பழக்கத்தின் குறியீடாகின்றது. ஆப்பிரிக்கத் தொல்நினைவுக்கும் கிறித்துவ நெறிக்கும் இடைப்பட்ட ஒருவனின் உளப்போராட்டமே படத்தின் உள்ளுறை. ஹெஸ்ஸாக டுவேன் ஜோன்ஸும், கான்ஜாவாக மார்லின் கிளார்க்கும், உதவியாளனாகக் கன்னும் நடித்தனர்.

2. சிதைவு

1973 ஏப்பிரலில் நியூயார்க்கில் திரையிடப்பெற்ற இப்படம் விரைவில் அகற்றப்பட்டது. அதே ஆண்டு கான் திரைப்பட விழாவின் திறனாய்வாளர் வாரத்தில் இடம்பெற்றும், உள்நாட்டில் அதற்கு வாழ்வு கிடைக்கவில்லை. திறனாய்வாளர் தம் படைப்பை அணுகிய முறையைக் கண்டித்துக் கன் எழுதிய மடல் அவ்வாண்டு மே மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரு கறுப்பினக் கலைஞன் தன் படைப்பு கவனித்துப் படிக்கப்படாமலே தள்ளப்படுவதைப் பற்றிய முறையீடு அது.

பின்னர், படத்தின் உரிமை பெற்றோர் ஃபீமா நோவெக் என்பாரைக் கொண்டு அதனை வெட்டித் தொகுத்தனர். ஏறத்தாழ 110 நிமிடம் ஓடிய படம் 78 நிமிடமாகச் சுருங்கியது. 35 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். ஆகவே, 9,900 அடி நீளமுடைய ஆக்கத்தில் ஏறக்குறைய 2,900 அடி நீக்கப்பட்டதென்று கொள்ளலாம். இச்சுருக்கம் 'பிளட் கப்பிள்' முதலிய பல பெயர்களில் உலவியது. கன் தம் பெயரை அதனின்றும் நீக்கச் செய்தார். ஒளிநாடா இல்லந்தோறும் பரவிய காலத்தில் பலர் கண்டது இச்சுருக்கத்தையே. எனவே ஆசிரியர் பெயரில்லாத ஒரு பாடம் பெருவழக்குப் பெற்றது. ஆசிரியர் பாடமோ கேள்வியளவில் நின்றது.

ஒரு படி பலவாகப் பரவுதலே அதன் உண்மைக்குச் சான்றாகாது என்பதைப் பதிப்பாய்வாளர் நன்கறிவர். ஒரு பிழைப்படியினின்றும் நூறு படிகள் எழுதப்படின், நூறும் ஒரு சான்றே. 'பிளட் கப்பிள்' நிலையும் அத்தகையதே.

3. எஞ்சிய படி

ஆசிரியர் பாடத்தைக் காத்தது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமாகும். கன்னின் தொகுப்பு முறைப்படி அமைந்த படி ஆங்கு இடம்பெற்றிருந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் அங்கு நிகழ்ந்த திரையீடுகளே படத்தின் பெயரை அணையாது காத்தன. 1998இல் இதன் முழுவடிவம் டிவிடி தகடாக வெளிவந்தது. பின்னர் அவ்வருங்காட்சியகம், பிலிம் பவுண்டேஷன் என்னும் அமைப்பின் துணையோடு படத்தை மீட்டமைத்தது. அதனைக் கீனோ லார்பர் நிறுவனம் 2012இலும் 2018இலும் புளூ-ரே தகடாக வெளியிட்டது. கன் இவற்றைக் காணவில்லை. அவர் 1989 ஏப்பிரல் 5ஆம் நாள், தம் நாடகமொன்று அரங்கேறுவதற்கு முதல்நாள் மறைந்தார்.

4. மீட்புப் பணியின் இயல்பு

மீட்பு என்பது தூசி துடைத்தல் மட்டுமன்று. முதற்கண் சான்றுகளின் தலைமுறையை அறிதல் வேண்டும். படப்பெட்டியில் ஓடிய சுருளே முதல். அதனைத் தொகுத்தமைத்த 'நெகட்டிவ்' அடுத்தது. அதிலிருந்து இடைப்படிகளும், அவற்றிலிருந்து திரையரங்கப் படிகளும் தோன்றும். ஒவ்வொரு தலைமுறையிலும் நுண்மை குறையும். நிழற்பகுதிகள் செறிந்து கருக்கும். படத்தை மறுபடி வெட்டுவோர் நெகட்டிவ்விலேயே கை வைப்பராயின், பிற்காலத்தார்க்குத் தெளிந்த சான்று குறைந்த பாடத்தையும், நிறைந்த பாடம் தெளிவற்ற படியையும் கொண்டிருத்தல் கூடும். நிறைவையும் தெளிவையும் இரு வேறு சான்றுகளில் தேடி இணைக்கும் இடர்ப்பாடு அங்கு எழுகின்றது.

இரண்டாவது, வண்ணம். அக்காலத்து வண்ணப் படிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். அதனால் படம் முழுதும் செந்நிறம் படரும். அதனைத் திருத்துவோர் எந்நிறமே ஆசிரியர் கருதியது என்பதைப் பிற சான்றுகளால் துணிதல் வேண்டும். குருதியையே பொருளாகக் கொண்ட படத்தில் செந்நிறத்தின் அளவு சிறு செய்தியன்று.

மூன்றாவது, இழப்பு. சுருளின் முதலும் இறுதியும் கையாளுதலால் மிகுதியும் அறும். அறுந்த இடத்தை ஒட்டுங்கால் சில படச்சட்டங்கள் போகும். நொடிக்கு 24 சட்டம் ஆதலின், ஒரு நொடி இழப்பும் ஒரு சொல்லை விழுங்கிவிடும்.

நான்காவது, மிகையான திருத்தம். படச்சுருளுக்கு இயல்பாக உள்ள மணித்துகள் தோற்றத்தைக் கணினியால் முற்றும் வழித்தெடுப்பின், முகங்கள் மெழுகுபோலாகும். இதனைப் பழம்பாடத்தைத் தம் காலத்துச் செவிக்கேற்பத் திருத்திய பதிப்பாசிரியர் செயலோடு ஒப்பிடுதல் பொருந்தும். கீறல் காலத்தால் வந்தது. துகள் ஆக்கத்தோடு வந்தது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதலே மீட்பாளர் புலமை.

5. சுருக்கத்தின் நிலை

முழுவடிவம் கிடைத்தபின் 'பிளட் கப்பிள்' என்னும் சுருக்கத்தை ஒதுக்கிவிடலாமோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. ஒரு சமுதாயம் எதனை வெட்டியது என்பதும் வரலாற்றுச் சான்றேயாம். கன் மெல்லச் செல்ல விட்ட இடங்கள், பேச்சின்றி நிற்கும் இடங்கள், வழிபாட்டுப் பகுதிகள் முதலியன வணிகர்க்குச் சுமையாகத் தோன்றின எனின், அவ்வகைப் படங்களிடம் அவர் எதிர்நோக்கியது யாது என்பது அதனால் விளங்கும். மேலும், இத்தகைய மறுதொகுப்புகளில் ஆசிரியர் கழித்த காட்சிகளையே எடுத்துச் சேர்த்தலும் திரையுலக வழக்கு. ஆதலின் சுருக்கத்தையும் அடிக்குறிப்புப் பாடம்போல் காத்தல் வேண்டும். மூலத்தின் இருக்கையில் மட்டும் அதனை அமர்த்தலாகாது.

6. முடிபு

தாழ்ந்ததெனக் கருதப்பட்ட வகையில் பிறந்தமையால் இப்படம் வெட்டப்பட்டது. அதே காரணத்தால் நெடுங்காலம் ஆராயப்படாமலும் கிடந்தது. முழுவடிவம் வெளிவந்த பின்னரே அதனை ஓர் ஆசிரியரின் ஆக்கமாகப் படிக்க இயன்றது. 2014இல் ஸ்பைக் லீ இதனைத் தழுவி 'டா ஸ்வீட் பிளட் ஆஃப் ஜீசஸ்' எனும் படத்தை எடுத்து, திரைக்கதையில் கன்னின் பெயரையும் உடன் பொறித்தார். முன்னர் ஆசிரியரே தம் பெயரை நீக்கச் செய்த கதை, பின்னர் அவர் பெயரோடு வழங்கலாயிற்று.

வகையின் தரத்தைக் கொண்டு நூலின் தரத்தை முன்னரே துணிதல் ஆராய்ச்சி நெறியன்று. இலக்கியத்தில் மட்டுமன்றித் திரைப்படத்திலும் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர், ஒரு படத்தைப் பற்றி எழுதுமுன் தாம் கண்டது எப்பாடம், எத்தனை நிமிடம், எச்சுருளினின்றும் பெறப்பட்டது என்னும் மூன்றனையும் குறித்துக்கொள்வாராக. 78 நிமிடப் பாடத்தைக் கண்டு கன்னின் கலையை மதிப்பிட்டோர் மதிப்பிட்டது கன்னின் கலையை அன்று.