ஒப்புதலும் மாறுபட்ட மனநிலையும்: அதிகாரப் பரிமாற்ற உறவுகளில் பாதுகாப்பு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. பேசாதிருப்பவர் உடன்படுகிறார் என்று கொள்ளும் இக்கருத்து பொருந்தாத இடங்கள் பல உள. அவற்றுள் ஒன்றை உளவியல் நோக்கில் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. வயது வந்த இருவர் தம் விருப்பத்தின்பேரில், ஒருவர் ஆளவும் மற்றவர் பணியவும் இசைந்து, கட்டுதல், கட்டளையிடுதல், நோவு தருதல் ஆகியவற்றில் ஈடுபடும் உறவுமுறை ஆங்கில முதலெழுத்துகளால் பி.டி.எஸ்.எம். என்று வழங்கப்படுகிறது. இக்கட்டுரையில் ஆளும் நிலையிலிருப்பவர் ‘நடத்துபவர்’ என்றும், மற்றவர் ‘பணிபவர்’ என்றும் சுட்டப்பெறுவர்.

இத்தகைய நாட்டத்தையே ஒரு நோயாகக் கருதும் போக்கு மருத்துவ உலகில் மாறிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, வழக்கத்திற்கு மாறான நாட்டத்தையும் மனநலக் கோளாற்றையும் வேறுபடுத்திக் காட்டியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய் வகைப்பாடு, ஒப்புதலுடன் நிகழும் இச்செயல்களை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கி, பிறரை வற்புறுத்தித் துன்புறுத்துவதை மட்டும் கோளாறாக வைத்துக்கொண்டது. ஆகவே, ஒப்புதலே எல்லைக்கோடாகிறது. அவ்வொப்புதலைத் தருகின்ற மனமே இடையில் மாறுபடுமாயின் அது எந்த அளவுக்குச் செல்லும் என்பதே இங்கு எழும் வினா.

மாறுபட்ட மனநிலையின் இயல்பு

பணிபவர் சிலர் அடையும் ஒருவகை மயக்க நிலை ‘சப்ஸ்பேஸ்’ எனப்படுகிறது. காலம் போவது தெரியாமை, மிதப்பது போன்ற உணர்வு, நோவு குறைந்து தோன்றுதல், பேச்சுத் தடைபடுதல் ஆகியவை இதன் கூறுகளாகச் சொல்லப்படுகின்றன. ஆர்ன் டீட்ரிக் 2003இல் முன்வைத்த கருதுகோள் இதனை விளக்க உதவுகிறது. நீண்ட ஓட்டம், தியானம் முதலியவற்றின்போது மூளையின் முன்புறப் பகுதியின் செயற்பாடு தற்காலிகமாகத் தணிகிறது என்பது அக்கருதுகோள். திட்டமிடல், தன்னைத்தானே கண்காணித்தல், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகியன அப்பகுதியோடு தொடர்புடையவை என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவின் வட இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிராட் சகாரின் குழுவினர் இத்துறையில் தொடர்ந்து ஆய்ந்து வந்துள்ளனர். பணிபவரின் உடலில் கார்ட்டிசோல் என்னும் உளைச்சல் சுரப்பு உயர்வதை அவர்களது 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில் 14 பேர் கலந்துகொண்டனர். சொல்லின் பொருளை விடுத்து அது அச்சான நிறத்தைக் கூறச் செய்யும் ஸ்ட்ரூப் சோதனையில், பணிபவராக இருந்தோரின் திறன் குறைந்திருந்தது. நடத்துபவரோ, சிக்ஸென்ட்மிஹாயி விளக்கிய ‘ஒன்றிய ஓட்டம்’ என்னும் ஆழ்ந்த ஈடுபாட்டு நிலையை எய்தினர். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிதாகையால் இம்முடிவுகளைத் தொடக்கநிலைச் சான்றுகளாகவே கொள்ளல் வேண்டும்.

அதே ஆண்டில் இக்குழுவினர், தைப்பூசக் காவடி போன்ற மரபுச் சடங்குகளை ஒட்டி அமெரிக்காவில் நடைபெறும் ஒரு கூட்டு நடனத்தையும் ஆராய்ந்தனர். உடலில் தற்காலிகமாக அலகு குத்திக்கொண்டு ஆடியோரிடம் உடல்சார் உளைச்சல் மிகுந்தபோதும், மனத்தளவிலான உளைச்சல் தணிந்திருந்தது. காவடி நேர்த்திக்கடனாகிய வழிபாடு, பி.டி.எஸ்.எம். தனிப்பட்ட உறவுமுறை. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழையாகும். ஆயினும், அருள்வந்து ஆடும் பக்தரைச் சூழ்ந்து, அலகைக் கவனித்து, விழாமல் தாங்கிச் செல்லும் துணைவர்களை நாம் அறிவோம். தன்னை மறந்தவருக்குத் தெளிந்தவர் துணை வேண்டும் என்பது நம் மரபும் உணர்ந்த உண்மை எனலாம்.

பாதுகாப்பின் அடிப்படைகள்

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து ஒரு முக்கியக் கருத்துப் பெறப்படுகிறது. நிறுத்தச் சொல்லவேண்டிய வேளையில் அதனைச் சொல்லும் ஆற்றலே பணிபவரிடம் குன்றியிருக்கலாம். ‘வலிக்கவில்லை’ என்ற கூற்றும் உடல் காயமுறவில்லை என்பதற்குச் சான்றாகாது. எனவே, எல்லைகள் யாவும் இருவரும் தெளிவாயிருக்கும்போதே பேசி முடிவு செய்யப்பட வேண்டும். முன்னர் இசையாத புதிய செயலுக்கு இடையில் கேட்டுப்பெறும் ஒப்புதல் உறுதியானதன்று. அதே வேளையில், முன்னர் இசைந்த ஒன்றை எக்கணத்திலும் மறுக்கும் உரிமை பணிபவருக்கு உண்டு.

நிறுத்துவதற்கென முன்கூட்டியே வகுத்த ‘காப்புச்சொல்’ இவ்வுறவுகளில் பரவலாக வழங்குகிறது. சாலை விளக்குகளைப் பின்பற்றிச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சொல்வோரும் உளர். பேச்சு தடைபடக்கூடும் என்பதால், கையிலுள்ள பொருளைக் கீழே போடுதல் போன்ற சைகையும் தேவை. கேள்விக்கு மறுமொழி வராவிடில் அதனை இசைவாகக் கொள்ளாமல் நிறுத்தற் குறியாகவே கொள்ளல் வேண்டும்.

இங்கு நடத்துபவரின் நிலையும் எண்ணத்தக்கது. ஆழ்ந்த ஈடுபாடு ஒருமுகப்பட்ட கவனத்தைத் தந்தாலும் கால உணர்வை மழுங்கச் செய்யும். ஆகவே தம் உள்ளுணர்வை மட்டும் நம்பாது, கடிகாரம் பார்த்தல், விரல்களின் நிறத்தையும் உணர்ச்சியையும் இடையிடையே சோதித்தல் ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொள்ளல் நன்று. இறுகிய கட்டு நரம்பைப் பாதிக்கும். கட்டுண்டவரைத் தனியே விட்டு அகலலாகாது. கழுத்தை அழுத்தி மூச்சையோ இரத்த ஓட்டத்தையோ தடுப்பதற்குப் பாதுகாப்பான முறை எதுவுமில்லை. சில நொடிகளிலேயே நினைவிழப்பும், தொடர்ந்தால் மூளைச் சேதமும் மரணமும் நேரலாம். மதுவும் போதைப்பொருளும் இவ்விடர்கள் அனைத்தையும் பெருக்குவன.

நிகழ்வு முடிந்ததும் தெளிவு உடனே திரும்புவதில்லை. சிலருக்குச் சில மணி நேரமோ சில நாள்களோ கழித்துச் சோர்வும் அழுகையும் தோன்றுவதுண்டு. கதகதப்பு, நீர், ஓய்வு, அருகிருத்தல், மறுநாள் விசாரித்தல் ஆகிய பின்கவனிப்பு இதனால் இன்றியமையாததாகிறது.

சட்டத்தின் நோக்கு

மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் தண்டனைச் சட்டங்களிலும் 90ஆம் பிரிவு, மனநலக் குறைவாலோ போதையாலோ தாம் இசைவதன் தன்மையையும் விளைவையும் உணர இயலாதவர் தரும் ஒப்புதலை ஒப்புதலாக ஏற்பதில்லை. சப்ஸ்பேஸ் அப்பிரிவில் பெயர்சுட்டிக் கூறப்படவில்லை எனினும், தெளிந்த அறிவே ஒப்புதலின் உயிர் என்னும் அதன் கருத்து இங்கும் வழிகாட்டத்தக்கது. தெளிவுடன் தந்த ஒப்புதலுக்கும் வரம்புண்டு. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1993இல் பிரவுன் வழக்கில், உடற்காயம் விளைந்தவிடத்து ஒப்புதல் எதிர்வாதமாகாது என மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

முடிவுரை

ஒப்புதல் என்பது ஒருமுறை கூறி முடிக்கும் சொல்லன்று. தெளிவில் தொடங்கி, செயலின் ஊடே சோதிக்கப்பட்டு, தெளிவு மீளும்வரை காக்கப்படுவது. அதிகாரத்தைக் கையளித்தவர் தம் காவலையும் சேர்த்தே கையளிக்கிறார். ஆதலின் மௌனத்திற்குப் பொருள் காணும் பொறுப்பு நடத்துபவரையே சாரும். அப்பொருள் ஐயத்திற்குரியதாயின் நிறுத்துவதே அவர்தம் கடமையாகும்.