'ஒபே'க்குள்ள ஒரு காது!

என்.சி.சி. பரேடுல 'சாவ்தான்!'னு குரல் வந்ததும் உங்க ரெண்டு காலும் டக்குனு ஒண்ணு சேருமே... அங்கே முதல்ல வேலை செஞ்சது கால் இல்லீங்க, காது!

நம்பலைன்னா 'ஒபே' என்ற இங்கிலீஷ் வார்த்தையைத் தோண்டிப் பாருங்க. 'கட்டளைக்குக் கீழ்ப்படி' என்று டிக்‌ஷனரி அர்த்தம் சொல்லும். ஆனா அடியில கிடக்கிறது 'ஆடிரே' என்ற லத்தீன் சொல். அதுக்கு அர்த்தம், காதால் கேட்பது. அதோட 'நோக்கி' என்ற பொருள் தரும் 'ஒப்' சேர்ந்துச்சு. அதாவது, ஒருத்தர் பக்கம் காதைத் திருப்பி அவர் சொல்றதைக் கேட்கிறது. அது பழைய பிரெஞ்சு வழியா 1300 வாக்கில் இங்கிலீஷுக்குள் நுழைஞ்சது. ஆடியோ, ஆடியன்ஸ், ஆடிட்டோரியம் எல்லாம் இதுக்குப் பங்காளிங்கதான். பி.காம். மக்களே, ஆடிட்டரும் இதே குடும்பம்! அந்தக் காலத்துல கணக்கை வாசிக்கச் சொல்லி, காதால கேட்டுத்தான் சரிபார்ப்பாங்க.

இப்படிப்பட்ட சாதுவான வார்த்தை வம்புல மாட்டினது கல்யாணத்துல. 1549-ல் வந்த இங்கிலாந்து திருச்சபையின் பிரார்த்தனைப் புத்தகத்துல மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டு பேருக்கும் உறுதிமொழி உண்டு. ஆனா, 'ஒபே' பொண்ணுக்கு மட்டும்தான்! (மாப்பிள்ளைக்குக் காது கிடையாது போல.) 1947-ல் இளவரசி எலிசபெத்தும் 'கீழ்ப்படிவேன்'னு சொல்லித்தான் பிலிப்பைக் கைப்பிடிச்சார். செம ட்விஸ்ட் என்னன்னா, 1953-ல் அவருக்கு முடிசூட்டினப்போ அதே பிலிப் அவர் முன்னால மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் எடுத்தார். 1981-ல் இளவரசர் சார்லஸைக் கல்யாணம் பண்ணின டயானா அந்த வார்த்தையையே தூக்கிட்டார். 2011-ல் டயானாவோட மூத்த மருமகள் கேத்தரினும் அதைச் சொல்லலை.

இனி நம்ம தமிழுக்கு வாங்க. 'சொன்ன பேச்சைக் கேட்கிறதே இல்லை'ன்னு வீட்டுல திட்டு வாங்காதவங்க யாரு? ஆக, லத்தீன் மாதிரியே நமக்கும் கேட்கிறதுதான் கீழ்ப்படியறது. ஆனா, 'ஆடிரே'யில் இல்லாத ஒரு சமாச்சாரம் நம்ம 'கேள்' கிட்ட இருக்கு பாஸ். 'ஏன் சார்?'னு கேட்டாலும் அது கேட்கிறதுதானே! பணிவும் கேள்வியும் ஒரே வேர்ல முளைச்சிருக்கு. 'பேச்சைக் கேட்காதவன்', 'கேள்வி கேட்கிறவன்'... ரெண்டு பட்டமும் ஒரே ஆளுக்குக் கிடைக்கிறதும் இதனாலதானோ என்னமோ!

அதுக்காக, ஹெச்.ஓ.டி. 'சொன்னா கேட்க மாட்டியா?'ன்னு எகிறும்போது, 'எந்தக் கேட்கிறது சார்?'னு ஆரம்பிச்சுடாதீங்க. இன்டர்னல் மார்க் அவர் கையில!