பக்கத்து வீட்டு பைரவர் தூங்க விடலையா?

இன்னும் ரெண்டு வாரத்துல மேத்ஸ் அரியர் எக்ஸாம். ராத்திரி 12 மணிக்குப் பக்கத்து வீட்டு நாய் ‘லொள் லொள்’னு கச்சேரியை ஆரம்பிச்சா, உங்க கை கல்லைத் தேடும்தானே? எனக்கும் தேடுச்சு. பொறுங்க பாஸ்!

காலையில காம்பவுண்டை எட்டிப் பாருங்க. நாள் முழுக்கச் சங்கிலியிலயே கிடக்கிற நாய், போரடிச்சுப்போய்க் குரைக்கும். எப்பவும் கட்டிப்போட்டே வளர்க்கிற நாயை நடக்கக் கூட்டிட்டுப் போகாம விடுறது, 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்!

அதுக்காகச் சட்டம் பேசிச் சண்டைக்குப் போகாதீங்க. ‘அங்கிள், சாயங்காலம் நான் வாக்கிங் கூட்டிட்டுப் போகட்டுமா?’னுதான் கேட்டேன். முறைச்சார். முதல் நாள் அவரும் கூடவே வந்தார். மறுநாள் சங்கிலியை என் கையில கொடுத்துட்டார்.

10 நாள்ல கச்சேரி பாதியா குறைஞ்சுடுச்சு. அரியர் கிளியராகுமா? ரிசல்ட் வரட்டும். இப்போதைக்கு, என்னைப் பார்த்து வாலாட்ட ஒரு ஃப்ரெண்ட் இருக்கான்!